தாரணியின் அப்பாவுக்கு நான் சொல்ல முடியாதது

1

போன ஆகஸ்டில் எங்கள் கல்லூரியில் என்னை மாணவர் விவகாரத் துறையின் இணைத் தலைவராக்கினார்கள். அசோசியேட் டீன். ராசிபுரத்தில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன். "டீனுன்னா பெரியாஸ்பத்திரிலதான சாமி இருப்பாங்க? உனக்கு ஊசி போடக்கூடத் தெரியாதே" என்றார். என்ன வேலை என்று விளக்கப் பார்த்தேன். பாடம் நடத்துவதில்லை, பரீட்சை வைப்பதில்லை, சம்பளம் மட்டும் வருகிறது என்ற அளவில் அவருக்குப் புரிந்தது.

பதவியோடு கூடவே ஒரு சின்ன வேலையும் வந்தது. கல்லூரியின் இணையதளத்தில் 'எங்கள் தலைமை' என்று ஒரு பக்கம் உண்டு. ஒவ்வொருவருடைய படம், அதற்குக் கீழே அவருடைய தொழில் பின்னணி. விளம்பரப் பிரிவில் இருக்கும் மேகன் என்ற பெண் என்னையும் ஒரு பத்தி எழுதித் தரச் சொன்னாள். மற்றவர்கள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒருவர் ராணுவத்திலிருந்து வந்தவர். ஒருவர் ஹாக்கிப் பயிற்சியாளராக இருந்தவர். இன்னொருவர் வாழ்நாள் முழுக்க மனநல ஆலோசகர். எல்லோருக்கும் ஒரு வேலை அடுத்த வேலைக்கு வழி காட்டியிருந்தது. என்னுடையது நடுவில் அறுந்து நின்றது.

கனடாவுக்கு வருமுன் நான் நாமக்கல் பக்கத்தில் ஒரு தனியார் மகளிர் கல்லூரியில் கணக்கு ஆசிரியை. அதோடு விடுதி வார்டன். இங்கே வந்த புதிதில் முதல் நேர்முகத் தேர்விலேயே அந்த வார்த்தையைச் சொல்லி மாட்டிக்கொண்டேன். "ஆறு வருடம் வார்டனாக இருந்தேன்" என்று பெருமையாகச் சொன்னதும், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு அம்மாள் மெதுவாக, "பாதுகாப்பு கடுமையான இடமோ?" என்று கேட்டார். நான் இன்னும் உற்சாகமாகி, "ஆமாம். சுற்றிலும் பத்தடி மதில், இரண்டு காவலாளிகள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்வையாளர்களை விடுவோம்" என்றேன். இந்த ஊரில் வார்டன் என்றால் சிறைச்சாலைத் தலைவர் என்பது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஆனாலும் வரவேற்பு மேசையில் ஒரு வேலை கொடுத்தார்கள். ஏன் கொடுத்தார்கள் என்று இன்றுவரை புரியவில்லை.

மேகனிடம் இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "விடுதி வாழ்க்கை மேலாளர் என்று போட்டுவிடலாம்" என்றாள். சரி என்றேன். ஆனால் நான் அங்கே செய்தது அது இல்லை. காலை ஐந்து மணிக்கு மணி அடித்துவிட்டு வராந்தாவில் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போவேன். யாராவது வெளியே போக வேண்டுமென்றால் அவள் அப்பாவிடம் போனில் பேசி, குரலை உறுதி செய்துகொண்டுதான் அனுப்புவேன். மதிப்பெண் குறைந்தால் அப்பாவுக்கு போன். காய்ச்சல் வந்தால் அப்பாவுக்கு போன். சும்மா அழுதாலும் போன்தான். சேர்க்கை நாளில் எங்கள் முதல்வர் பெற்றோரைப் பார்த்து, "இனிமே இவங்க எங்க புள்ளைங்க" என்பார். கிராமங்களிலிருந்து முதல் முறையாக மகளைக் கொண்டுவந்து விட்டவர்களின் முகம் அப்போது இளகும்.

இங்கே சில வருடங்களாகவே ஒவ்வொரு செப்டம்பரிலும் அதேபோல் ஒரு மேடையில் நின்று பெற்றோரைப் பார்த்து நான் பேசுகிறேன். "இன்றிலிருந்து இவர்கள் பெரியவர்கள். இவர்கள் சம்மதம் இல்லாமல் நாங்கள் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டோம்." அதற்கும் கை தட்டுகிறார்கள். நான் நன்றாகச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்கிறார்கள்.

இரண்டில் எதை நம்புகிறேன் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நல்லவேளை.

2

அக்டோபரில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தம்பி ரமேஷ் அழைத்தான். சேலம் சூரமங்கலத்தில் லாரி உதிரி பாகக் கடை வைத்திருக்கிறான்.

"அக்கா, ஒருத்தருக்கு உன் நம்பர் குடுத்திருக்கேன். கோவிச்சுக்காத. போர் போடற ரிக் வண்டி வச்சிருக்காரு, நம்ம கடைக்கு வாரவரு. அவரு பொண்ணு உங்க காலேஜ்லதான் படிக்குதாம்."

கோபித்துக்கொள்ளக்கூட நேரம் தரவில்லை. அடுத்த அழைப்பு வந்துவிட்டது. பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"மேடம், வணக்கமுங்க. நான் தாரணியோட அப்பா பேசறனுங்க. திருச்செங்கோட்டுப் பக்கமுங்க. இப்ப சத்தீஸ்கர்ல போர் போட்டுட்டு இருக்கறமுங்க."

தாரணி என்பது அவள் பெயர் இல்லை. அவளைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயரை மாற்றச் சொன்னாள், மாற்றியிருக்கிறேன்.

"சொல்லுங்க" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க. புள்ள ஒழுங்கா காலேஜுக்கு வருதுங்களான்னு தெரிஞ்சாப் போதுமுங்க. முன்ன மாதிரி போன்ல பேச மாட்டேங்குது. மூஞ்சியக் காட்டு சாமின்னா நெட் இல்லீங்குது."

மேடையில் சொல்வதைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். "அத நான் சொல்ல முடியாதுங்க. இங்க சட்டம் அப்படி. பதினெட்டு வயசு தாண்டிட்டா அவங்க சம்மதம் இல்லாம பெத்தவங்ககிட்டக் கூடச் சொல்லக் கூடாது."

"சரிங்க. அப்ப வரலீங்களா?"

"அப்படிச் சொல்லலீங்க."

"வந்தா வருதுன்னு சொல்லிருப்பீங்கல்லங்க?"

"வந்தாலும் சொல்ல முடியாதுங்க. வராட்டியும் சொல்ல முடியாதுங்க."

"ஏனுங்க மேடம், நீங்கதானுங்களே அங்கத்த பெரிய மேடம்? உங்களுக்கே அதிகாரம் இல்லீங்களா?"

அதிகாரம் இருப்பதால்தான் சொல்லக் கூடாது என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? எங்கள் துறையில் நாள் முழுக்கப் புழங்கும் பிரைவசி என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்னிடம் தமிழ் இல்லை. தனியுரிமை என்றால் செய்தி வாசிப்பது போல் இருக்கும். வாய்க்கு வந்த வேறு ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டேன். "இதெல்லாம் அவங்க அந்தரங்கம்ங்க."

"ஐயோ, அப்படி என்னுங்க பண்ணிப்போட்டா?" என்று பதறிப்போனார்.

அவரைச் சமாதானம் செய்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. எதையும் சொல்லாமலே அவரைக் கலங்கடித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

3

அப்போது எனக்குத் தாரணி யாரென்றே தெரியாது. கணினியில் பெயரைத் தட்டினால் எல்லாம் வந்துவிடும். ஆனால் வேலைக் காரணம் இல்லாமல் ஒரு மாணவியின் விவரத்தைத் திறப்பதும் தப்பு. திறக்காமல் இருந்தேன். அந்த வாரக் கடைசியில் ஒரு ஆசிரியரே எழுதினார்: சில மாணவர்கள் பல வாரங்களாக வகுப்புக்கு வரவில்லை, தயவுசெய்து விசாரியுங்கள். அந்தப் பெயர்களில் அவளும் இருந்தாள். எனக்கு வேலைக் காரணம் கிடைத்துவிட்டது. அதில் ஒரு நிம்மதி வந்ததை நினைத்தால் இப்போது விசித்திரமாக இருக்கிறது.

விதிப்படி ஆங்கிலத்தில் இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. மூன்றாவதைத் தமிழில் எழுதினேன். 'சாப்பிடுகிறாயா? ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போ.' மறுநாள் வந்தாள்.

அறைக்குள் ஹீட்டர் ஓடியும் கனத்த கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தாள். தலையைப் பின்னிப் பல நாள் ஆகியிருக்கும்.

"மேடம், நீங்க நாமக்கல்லுங்களா?"

"ராசிபுரம்."

அவ்வளவுதான், அழ ஆரம்பித்துவிட்டாள். நான் காத்திருந்தேன். காத்திருக்கத்தான் இங்கே எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அவளே சொன்னாள்: பத்தாம் வகுப்பிலிருந்து நாமக்கல்லில் விடுதியோடு கூடிய பள்ளி. பிறகு ஓமலூர்ப் பக்கம் ஒரு கல்லூரி, அங்கேயும் விடுதி. எங்கேயும் முதல் சில பேரில் ஒருத்தி. இங்கே வந்த முதல் பருவத்தில் கூட இரண்டு பெண்கள் தங்கியிருந்தார்கள். அவர்கள் கிளம்பும்போது இவளும் கிளம்பிவிடுவாள். அவர்கள் வேலை கிடைத்து டொராண்டோவுக்குப் போய்விட்டார்கள். இவள் ஒரு வீட்டின் நிலவறையில் தனியாக.

"ஸ்கூல்ல நாலரைக்கு பெல் அடிப்பாங்க மேடம். காலேஜ் ஹாஸ்டல்ல அஞ்சுக்கு. எந்திரிக்கோணும்னு நான் ஒருநாளும் நெனச்சதே இல்லீங்க. பெல் அடிச்சா எந்திரிச்சிருவேன். இங்க முழிப்பு வந்துருதுங்க. ஆனா படுத்தே கெடக்கறேன். எதுக்கு எந்திரிக்கோணும்னு தெரிய மாட்டேங்குது."

அலாரம் வைத்தாயா என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அதையெல்லாம் வைத்துப் பார்க்காமலா இருந்திருப்பாள்?

ஆறு வருடம் அந்த மணியை அடித்தவள் நான். நான் எழுப்பிவிட்ட பெண்கள் பெங்களூரிலும் சென்னையிலும் நல்ல வேலையில் இருக்கிறார்கள். ஆசிரியர் தினத்துக்கு வாழ்த்து அனுப்புகிறார்கள். நீங்கள் இல்லாவிட்டால் நான் இல்லை மேடம் என்று எழுதுகிறார்கள். அவர்களெல்லாம் தாமாகவே எழுந்துவிடுகிறார்களா? நான் கேட்டதில்லை. தாரணிக்கு எதிரே உட்கார்ந்தபடி, இவளுக்கு நடந்தது அந்த மணியாலா, அது நின்றுபோனதாலா என்று யோசித்தேன். ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

"அப்பாகிட்டப் பேசறியா?" என்று கேட்டேன்.

"வேண்டாங்க மேடம். தெரிஞ்சா உடனே கெளம்பி வான்னுருவாரு. ஊட்டுக்குப் போயிட்டா அப்புறம் கல்யாணந்தான். எனக்கு இத முடிக்கோணுங்க. எப்படின்னுதான் தெரியல."

அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஆலோசகரிடம் விட்டேன். மருத்துவரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தேன். வகுப்புக்குப் போகாமல் இருந்தால் இந்த நாட்டில் தங்கிப் படிக்கும் அனுமதியே பறிபோய்விடும் என்பதால், முறைப்படி மருத்துவ விடுப்பு எடுக்க வைத்தேன். நிலவறையிலிருந்து கல்லூரி விடுதிக்கு மாற்றினோம். எல்லாவற்றுக்கும் கையெழுத்து, எல்லாவற்றுக்கும் ஒப்புதல். குடும்பத்தில் யாரிடம் தகவல் சொல்லலாம் என்ற கேள்விக்கு மட்டும், 'யாரிடமும் வேண்டாம்' என்றாள்.

அவள் அப்பா வாரம் ஒருமுறை அழைத்தார். ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொன்னேன். நாலாவது முறை அவர் கேட்கவே இல்லை. அங்கே பாறை எப்படி இருக்கிறது, எத்தனை அடி போயும் புகைதான் வருகிறது, தண்ணீர் வரவில்லை என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "சரிங்க மேடம், வைக்கறனுங்க" என்று வைத்துவிட்டார். கேட்டபோது இருந்ததைவிட அன்றைக்குக் கஷ்டமாக இருந்தது.

4

அதே சமயத்தில்தான் என் மகள் கயல் நாலு நாள் போனை எடுக்காமல் இருந்தாள். ஐந்து மணி நேரத் தொலைவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு சிவில் இன்ஜினியரிங். மூன்று வயதில் தூக்கிக்கொண்டு வந்த குழந்தை.

பொறுக்க முடியாமல் அவள் விடுதி அலுவலகத்தை அழைத்தேன். ஒரு இளைஞன் எடுத்தான். "உங்கள் கவலை எனக்குப் புரிகிறது" என்றான். அந்தக் கனிவு, அந்த இடைவெளி, எல்லாம் நான் என் அலுவலக ஆட்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுப்பதுதான். "ஆனால் அந்தப் பெயரில் ஒருவர் இங்கே இருக்கிறாரா என்பதைக்கூட நான் உறுதிப்படுத்த முடியாது."

அந்த அறைக்கு மெத்தை விரிப்பு வாங்கிக் கொண்டுபோய்ப் போட்டவளே நான்தான். சொன்னேன். நான் இன்ன கல்லூரியில் இணைத் தலைவர் என்பதையும் சொன்னேன்.

"அப்படியென்றால் உங்களுக்கே தெரிந்திருக்கும்" என்றான், துளி நக்கல் இல்லாமல்.

சாயங்காலம் கயல் அழைத்தாள்.

"அம்மா, நீ ரெசிடென்ஸுக்கு போன் பண்ணியா? எவ்ளோ அசிங்கமா இருக்கு தெரியுமா?"

"நாலு நாளா எடுக்கலையே கண்ணு."

"மிட்டெர்ம் எக்ஸாம்மா. பிஸி."

"எப்படிப் பண்ணுன?"

"ஃபைன்."

அந்த ஃபைனுக்குள் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியவில்லை. ஊரார் பிள்ளைகளை மதிக்கத் தெரிந்தவளுக்குத் தன் மகளை மதிக்கத் தெரியாதா என்று என்னையே கேட்டுக்கொண்டு, இனி எதுவும் கேட்பதில்லை என்று முடிவெடுத்தேன். அதன்பிறகு எங்கள் பேச்செல்லாம் குளிரும் சாப்பாடும்தான்.

5

நவம்பர் கடைசியில் ரமேஷின் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காகச் சேலம் போனேன். காலையில் ஹோமம், பந்தி, கூட்டம். சாயங்காலம் எல்லோரும் கிளம்பிப் போய், வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். வெள்ளைச் சட்டையில் ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றினார். முகம் தெரியாது. "மேடமுங்களா?" என்றதும் குரல் தெரிந்தது.

"நீங்க வாரீங்கன்னு ரமேசு சொன்னாருங்க. வண்டிய ஆளுககிட்ட உட்டுப்போட்டு ரயிலேறிட்டனுங்க" என்றார் தாரணியின் அப்பா.

நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். காப்பி வேண்டாம் என்றார்.

"உங்ககிட்ட ஒண்ணும் கேக்க வரலீங்க. சட்டம்னு சொல்லிட்டீங்க, அப்புறம் கேக்கப்படாது. ஒருக்கா நேர்ல பாக்கோணும்னுதான் வந்தனுங்க. போன்ல மூஞ்சி தெரியாதில்லீங்களா."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். முகத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. சிரித்தால் எல்லாம் நலம் என்று ஆகும். சிரிக்காவிட்டால் அவர் என்னென்னவோ நினைப்பார். அடுக்கிய நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மேடம், உசுரோட இருக்குதுங்களா?"

"ஐயோ, என்ன பேச்சுங்க இது? இருக்காங்க. நல்லா..."

நல்லா என்பதோடு என் வாய் நின்றுவிட்டது. அவர் அதைக் கவனித்துவிட்டார். தோளில் இருந்த துண்டை எடுத்து மடிமேல் போட்டு, அதைத் தடவிக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே போய்விட்டேன். ரமேஷ் பின்னாலேயே வந்தான். "அக்கா, ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சு போகுது? அந்த மனுசன் சத்தீஸ்கர்ல இருந்து வந்திருக்காரு. நீ எப்பக்கா இப்படி ஆன?"

"எனக்கே தெரியலடா" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. சொன்னால் அந்தப் பெண் என்னை நம்பிச் சொன்னது போய்விடும். சொல்லாவிட்டால் வாசலில் ஒரு அப்பா உட்கார்ந்திருக்கிறார். சட்டம் சூரமங்கலம்வரை நீளுமா என்றுகூட ஒரு கணம் அற்பமாக யோசித்தேன்.

கடைசியில் தாரணிக்கு ஒரு செய்தி அனுப்பினேன். 'உன் அப்பா என் தம்பி வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் எதுவும் சொல்லவில்லை. நீ பேச விரும்பினால் பேசு. வேண்டாமென்றால் விட்டுவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன்.' அனுப்பிய பிறகுதான், இதுவும் ஒருவகை நெருக்குதல் இல்லையா என்று தோன்றியது. அங்கே இன்னும் விடிந்திருக்காது. அவள் தூங்கிக்கொண்டிருப்பாள், அல்லது விழித்துக்கொண்டு படுத்திருப்பாள்.

கால்மணி நேரம் கழித்து அவர் போன் அடித்தது. திரையைப் பார்த்ததும் எழுந்து தெருவுக்குப் போய்விட்டார். ஜங்ஷனுக்குப் போகும் டவுன் பஸ் ஒன்று அவரை உரசுவதுபோல் போனது. ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டார். வாசலிலிருந்து எனக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. பஸ் போன பிறகு துண்டு துண்டாகக் கேட்டது.

"சொல்லு சாமி... ம்... ம்... யாரு வேண்டாங்கறா?... சரி சாமி... அழுவாத... நாங் கேக்கலீல்ல, எதுவும் கேக்கலீல்ல..."

பிறகு எதிர்வீட்டு மதிலோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் போனைக் காதில் வைத்திருந்தார். அவள் எல்லாவற்றையும் சொல்கிறாளா, கொஞ்சம்தான் சொல்கிறாளா, கிளம்பி வா என்று சொல்லிவிடுவாரா? ஆறு வருடம் அப்பாக்களோடு போனில் பேசியே காலம் தள்ளியவள், ஒரு அப்பா பேசி முடிக்கட்டும் என்று அன்றைக்குத்தான் முதல் முறை காத்திருந்தேன்.

அவர் எழுந்து வந்தார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"காப்பி குடுங்க மேடம். குடிக்கறனுங்க."

ரமேஷின் மனைவி கொண்டுவந்து கொடுத்தாள். பாதி குடிக்கும்வரை பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"என்னங்க சொன்னா?"

டம்ளரைக் கீழே வைத்தார். சங்கடத்தோடு என்னைப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். யாருகிட்டயும் சொல்லப்படாதுன்னு சொல்லிருச்சுங்க. உங்ககிட்டக் கூட."

ரமேஷ்தான் முதலில் சிரித்தான். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நான் நின்றேன். அவர் மீதிக் காப்பியையும் குடித்துவிட்டு, எல்லோரையும் கும்பிட்டுவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று கிளம்பிப் போனார்.

6

திரும்பி வந்ததும் என் மேலதிகாரி லிண்டாவிடம் நடந்ததைச் சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை.

"நீ அவருக்கு எந்தத் தகவலும் தரவில்லை, இல்லையா?"

"உயிரோடு இருக்கிறாள் என்று சொன்னேன். அவர் என் முகத்தையும் பார்த்தார்."

லிண்டா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். விதிகளைக் கரைத்துக் குடித்தவர் அவர். "முகத்துக்கு விதி எதுவும் இல்லை" என்றார். சற்று யோசித்துவிட்டு, "அந்த இடத்தில் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை" என்றார்.

தாரணி ஜனவரியில் மறுபடி சேர்ந்தாள். இரண்டே இரண்டு பாடங்கள். அப்பா ஊருக்குக் கூப்பிடவில்லை என்று மட்டும் தெரிகிறது. நடைபாதையில் பார்த்தபோது எழுந்துகொள்கிறாயா என்று கேட்டேன். "சில நாள் எந்திரிக்கறேன் மேடம். சில நாள் இல்லீங்க" என்றாள். அவள் தேறிவிட்டாள் என்று சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை, இல்லை என்று சொல்லவும் மனசில்லை.

அதற்குச் சில நாள் முன்பு கயல் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தாள். பஸ் நிலையத்திலிருந்து காரில் கூட்டிக்கொண்டு வந்தேன். சாப்பிட்டாயா என்றேன். குளிருகிறதா என்றேன்.

"அம்மா, நான் இன்ஜினியரிங் விட்டுட்டேன்" என்றாள். "ஜியாகரஃபிக்கு மாத்திக்கிட்டேன். செப்டம்பர்லயே."

வண்டி தடத்தைவிட்டு விலகாமல் பார்த்துக்கொள்வதே எனக்குப் பெரிய வேலையாகிவிட்டது.

"ஏன் கண்ணு முன்னாடியே சொல்லல?"

"அந்த போனுக்கு அப்புறம் நீ எதுவும் கேக்கவே இல்லையே. சாப்டியா, குளிருதா, அவ்ளோதான். நான் எக்கேடோ கெட்டுப் போகட்டும்னு விட்டுட்டியோன்னு நெனச்சேன். பயமா இருந்துச்சு."

"கேட்டாக் கோவப்படறயே?"

"ஆமா. கேட்டாக் கோவம் வருது."

"அப்ப நான் கேக்கணுமா, கேக்கக் கூடாதா?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "தெரியலம்மா" என்றாள்.

வீடு வரும்வரை ஜியாகரஃபியில் என்னென்ன படிப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தேன். இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னாள். மூன்றாவதற்குக் கோபித்துக்கொண்டாள்.